அக்சுவரி ஆக ஆசை, கம்பஸ்ல என்ன பாடம் எடுக்கிறது?

கேள்வி: அக்கா, நான் கொழும்பு கம்பஸ் சயன்ஸ் ஃபகல்டியில ரெண்டாம் வருஷம், மெத்ஸும் ஸ்டாட்ஸும் செய்யிறன். காப்புறுதிக்கு ஆபத்தைக் கணக்குப் போடுற அக்சுவரியா வரோணும் எண்டு ஆசை, ஆனா என்ர டிகிரியில அந்தப் பேரே இல்ல, பிழையான இடத்துக்கு வந்திட்டனோ எண்டு பயமா இருக்கு. அப்பா வங்கிச் சோதனை எழுதச் சொல்லுறார். நான் எந்தெந்தப் பாடம் எடுக்கிறது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, டிகிரியின்ர பேரைப் பாத்து ஒருத்தரையும் அக்சுவரி ஆக்கிறேல்ல. அது வேலை செய்து செய்து சோதனை எழுதி எடுக்கிற பட்டம், இங்கிலாந்தின்ர ஐ.எஃப்.ஓ.ஏ. இல்லாட்டி அமெரிக்காவின்ர எஸ்.ஓ.ஏ. எண்ட அக்சுவரிச் சங்கங்கள் வழியாப் போகலாம். கம்பஸ் படிப்பு அதுக்கு அத்திவாரம், சிலவேளை ஒண்டு ரெண்டு தாளைக் கழிச்சும் தரும்.

அத்திவாரத்தில முதல் கல்லு நிகழ்தகவு. ஏ லெவல்ல பையுக்குள்ள இருந்து சிவப்புப் பந்து எடுத்தீங்களே, அதேதான், பந்துக்குப் பதிலா ஆக்கள். ஒரு கணக்குப் பாருங்கோ, எண்ணெல்லாம் சும்மா நான் போட்டது. 40 வயசுக்காரர் 1000 பேர், ஒராள் ஒரு வருஷத்தில சாகிற நிகழ்தகவு 0.002, ஆளுக்கு 10 லட்சம் ரூபா காப்புறுதி. சராசரியா ஆளுக்கு 2000 ரூபா வேணும், காசு வருஷ முடிவிலதானே குடுக்கிறது, அப்ப 10% வட்டியில இண்டைக்கு 1818 ரூபா இருந்தாக் காணும். இவ்வளவும் ஓ லெவல் பிள்ளையே செய்திடும். ஆனா ரெண்டு பேர்தான் சாவினம் எண்டு இருக்கேக்க அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ செத்தா? அரிதா நடக்கிறது எத்தினை தரம் நடக்கும் எண்டு கணக்குப் போடுற புவாசோன் பரம்பலைப் போட்டுப் பாருங்கோ, கிட்டத்தட்ட 5% வரும், அதாவது 20 வருஷத்தில ஒருக்கா. அந்த ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கிறது எண்டு சொல்லுறதுக்குத்தான் அக்சுவரிக்குச் சம்பளம். (வால்வெள்ளிக்குப் பேர்போன ஹலி இருக்கிறாரே, அவர் 1693லயே பிரெஸ்லோ நகரத்து இறப்புப் பதிவுகளை வைச்சு ஆயுள் அட்டவணை போட்டவர், அப்ப கல்குலேட்டரும் இல்ல, பாவம்.)

அதால நிகழ்தகவு, கணிதப் புள்ளிவிபரவியல், ரிக்ரெஷன், டைம் சீரிஸ், ஸ்டோகாஸ்டிக் ப்ரோசஸ் இதுகளில எது கிடைச்சாலும் விடாதீங்கோ, கஷ்டமான லெக்சரர் எண்டு சொல்லி லேசான பாடத்துக்கு ஓடவும் வேணாம். தொகையீட்டைத் தூசு தட்டி வையுங்கோ, எஸ்.ஓ.ஏ.யின்ர பி (P) எண்ட நிகழ்தகவு எக்ஸாம்ல 3 மணித்தியாலத்துக்கு 30 கேள்வி, ஒண்டுக்கு 6 நிமிஷம், அங்க ரெட்டைத் தொகையீடு வந்து நிண்டா யோசிக்க நேரமில்ல. ஆர் மென்பொருளையும் இப்பவே பழகுங்கோ, ஐ.எஃப்.ஓ.ஏ.யின்ர சி.எஸ்.1 எண்ட புள்ளிவிபரவியல் சோதனையில ஒரு தாள் அதிலதான் செய்யோணும்.

பொருளியல், கணக்கியல் பாடங்கள் கிடைச்சா எடுங்கோ. எஸ்.ஓ.ஏ. பொருளியல், கணக்கியலும் நிதியும், கணிதப் புள்ளிவிபரவியல் மூண்டையும் வி.ஈ.ஈ. எண்ட பேரில கம்பஸ் பாடமாவே ஏத்துக்கொள்ளும், ரிசல்ட் பி மைனஸுக்கு (B-) கீழ போகக்கூடாது, பாடமும் அவையின்ர லிஸ்டில இருக்கோணும், எடுக்க முதல் பாத்திடுங்கோ. ஐ.எஃப்.ஓ.ஏ.யும் பாடங்களைப் பாத்து, சில சோதனையை எழுதத் தேவையில்ல எண்டு விலக்குக் குடுக்கும். இதில நான் பட்ட பாட்டைச் சொல்லோணும். விலக்குக் கேக்கேக்க ரிசல்ட் ஷீட் மட்டும் காணாது, பாடத்தில என்ன படிப்பிச்சவை எண்ட விபரத் தாளும் வேணும் எண்டிட்டினம், நான் அதை முதலாம் வருஷமே எறிஞ்சிட்டன், படிப்பிச்ச சேர் வெளிநாடு போயிட்டார், ஒஃபிஸில "அடுத்த கிழமை வாங்கோ" எண்டு சொல்லிச் சொல்லியே நாலு மாசம். ஒவ்வொரு செமஸ்டரும் அந்தத் தாளை ஃபோனில படமாவது எடுத்து வையுங்கோ.

கடைசி வருஷத்துக்கு முதல் ஒரு சோதனையாவது எழுதிப் பாருங்கோ, வேலைக்கு எடுக்கிறவை அதைத்தான் கேப்பினம். ஆனா அஞ்சாறு எழுதிப்போட்டுத்தான் வேலை தேடுவன் எண்டு இருக்காதீங்கோ, கட்டணம் பவுண்ஸிலயும் டொலரிலயும், 2022ல ரூபா விழுந்தது வீட்டில எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வேலைக்குப் போனா சில கொம்பனி கட்டணத்தைத் தானே கட்டும், படிக்க லீவும் தரும். ஐ.எஃப்.ஓ.ஏ.யில வருமானம் குறைஞ்சவைக்குக் குறைஞ்ச கட்டணமும் இருக்கு, கேட்டுப் பாருங்கோ.

அப்பாவோட சண்டை பிடிக்காதீங்கோ, வங்கிச் சோதனையையும் எழுதுங்கோ, ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே போகும்.

கேள்வி: அக்கா, நான் ஏ லெவல் கொமர்ஸ். எனக்கு ஏலுமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஏலும் தம்பி, எந்த ஸ்ட்ரீம் எண்டு சோதனையில கேக்கமாட்டினம். வட்டிக் கணக்கு உங்களுக்குப் பழக்கம்தானே, எஸ்.ஓ.ஏ.யின்ர எஃப்.எம். எண்ட நிதிக் கணித எக்ஸாம்ல தொடங்குங்கோ. ஆனா வகையீடும் தொகையீடும் ஒரு கம்பைண்ட் மெத்ஸ் சேரிட்ட ஆறு மாசம் ஒழுங்கா இருந்து படிச்சிட்டுத்தான் பி (P) எக்ஸாம் பக்கம் போகோணும்.