தமிழில் கிரிக்கெட் வர்ணனை டிவிக்கு முன்னாடியே இருந்ததா? யார் செய்தார்கள்?

இருந்தது. சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி ஆகியோர் சேப்பாக்கம் ஆட்டங்களைத் தமிழில் சொன்னார்கள். ஜப்பார் சாத்தான்குளத்துக்காரர், 2020 டிசம்பரில் காலமானார். கூத்தபிரான் சிறுவர் நிகழ்ச்சிகளால் 'வானொலி அண்ணா' என்று பெயர் வாங்கியவர். ஜப்பார், கூத்தபிரான் இருவருமே நாடகம் தெரிந்தவர்கள். அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். குரலை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். பொங்கல் சமயத்தில் சென்னையில் டெஸ்ட் நடந்தால் ராகிக் களத்தில், புளியமரக் கிளையில் ரேடியோ தொங்கும். மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு பகலில் இங்கே இரைச்சலோடுதான் வரும். பெட்டிக்குள் இருக்கும் ஏரியல் கம்பி திசை பார்க்கும் என்பதால், பெட்டியை மெதுவாகத் திருப்பித் திருப்பி குரல் தெளிகிற இடத்தில் நிறுத்துவார் அப்பா. பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார், அரை மணி நேரம் ஓடும்! 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்ததை இன்றும் நேரில் பார்த்தவர் மாதிரி விவரிப்பார். சேப்பாக்கத்தை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

வானொலியில் களம், வெயில், ஃபீல்டர் நிற்கிற இடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். டிவியில் படம் இருக்கிறது, அதனால் அரட்டை அடிக்கிறார்கள். அதுவும் சரி, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.