பாட்டி ஜிம்முக்கா போனாங்க?

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 44. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடமாக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழு வகுப்புக்குப் போகிறேன். முப்பது பேர், பெரிய ஸ்பீக்கர், 45 நிமிடம் நிற்காமல் ஓட்டம், பர்ப்பி, டம்பெல் என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். சுவரில் ஒரு திரை, அதில் ஒவ்வொருவருடைய இதயத் துடிப்பும் ஓடும். முடிந்ததும் டி-ஷர்ட்டைப் பிழியலாம். மாதம் 3,500 ரூபாய்.

போன மாதம் தோழி கூப்பிட்டாள் என்று இன்னொரு இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு பேருக்கு ஒரு கோச், எடை தூக்கும் பயிற்சி மட்டும். வாரம் மூன்று நாள், மாதம் 8,000. ஒரு தடவை தூக்கிவிட்டு மூன்று நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள். வியர்க்கவே இல்லை. "காசு கொடுத்து உட்கார்ந்துட்டு வர்றியா?" என்கிறார் கணவர். மாமியார், "எங்க பாட்டி ஜிம்முக்கா போனாங்க? வீட்டு வேலையிலயே இரும்பு மாதிரி இருந்தாங்க" என்கிறார். அதுவும் சரிதானோ என்று தோன்றுகிறது. எடை தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இன்னொன்று, அந்தக் குழு வகுப்பு ஒன்றுதான் யாரும் என்னை 'அம்மா' என்றோ 'மேடம்' என்றோ கூப்பிடாத நேரம். எதைத் தேர்ந்தெடுப்பது?

எஸ்., சென்னை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச காலமாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். சிறுமியாக இருந்தபோதே தொடங்கி, வாழ்க்கையையே கொடுத்துச் செய்த பயிற்சி அது. ஆபீசுக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் நடுவே வாரம் மூன்று நாள் போகிறவருக்குத் தசை அப்படி வந்து குவிந்துவிடாது.

உங்கள் கணவருக்கு ஒரு பதில். கனமான எடையை ஐந்து தடவை தூக்கினால், தசை கைவசம் வைத்திருக்கும் உடனடி எரிபொருள் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். அது மறுபடி நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தால்தான் அடுத்த முறையும் அதே கனத்தைத் தூக்கலாம். கொடுக்காவிட்டால் கனத்தைக் குறைக்க வேண்டும். மூச்சு வாங்கும், வியர்க்கும், ஆனால் அது வேறு பயிற்சி. அவரையும் ஒரு நாள் கூட்டிப்போய்த் தூக்கச் சொல்லுங்கள். உட்காரும் அந்த மூன்று நிமிடம் அவருக்கே போதாது.

சரி, பாட்டிகளுக்கு வருகிறேன்.

எனக்கு ஓர் அத்தை இருந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். விடியுமுன் எழுந்து சாணம் தெளித்து, கிணற்றில் இறைத்து, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகச் சுமந்து, ஆட்டுக்கல்லில் மாவு அரைத்து, மாட்டைக் குளிப்பாட்டி, அதற்கப்புறம்தான் அவருக்குக் காபி. ஊரே அவரையும் இரும்பு என்றுதான் சொல்லும்.

அறுபத்தைந்து வயதுவாக்கில் அவர் தரையில் உட்காருவதை நிறுத்திவிட்டார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் பெண்களெல்லாம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தோம். அத்தை தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். "உட்காருங்க அத்தை" என்றால், "இருக்கட்டும்மா, சமையக்கட்டைப் பார்க்கணும்" என்பார். அன்று இரவு எல்லாருக்கும் பாய்தான். நடுராத்திரி அவர் எழுந்ததைப் பார்த்தேன். ஒருக்களித்துப் புரண்டார். கையும் முழங்காலும் ஊன்றி நகர்ந்து சன்னலடிக்குப் போனார். கம்பியைப் பிடித்து, கையைச் சாண் சாணாக மேலே ஏற்றி, மற்றக் கையால் தொடையை அழுத்தித் தள்ளி எழுந்து நின்றார். நான் விழித்திருப்பதைப் பார்த்ததும் சிரித்தார். "வயசாயிடுச்சுல்ல" என்றார். சில வருடங்களில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு அவர் வாசல் தாண்டவில்லை.

அவ்வளவு உழைத்த உடம்பு ஏன் அப்படி ஆனது? மூப்பு என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். ஒரு குடம் தண்ணீர் சுமார் 15 கிலோ. அத்தை இருபது வயதில் தூக்கியதும் அதே குடம், ஐம்பது வயதில் தூக்கியதும் அதே குடம். ஒரு பாரத்துக்குப் பழகிய உடம்பு, அதற்குமேல் பலம் சேர்க்க வேண்டிய அவசியம் எதையும் காண்பதில்லை. உழைத்த உடம்பு தேற ஓய்வு வேண்டும். அத்தைக்கு ஓய்வு என்பதே காய்ச்சல் வந்தால்தான். தசை வளரப் புரதம் வேண்டும். அவர் சாப்பிட்டது எல்லாரும் சாப்பிட்டு மீந்த சோறும் அடிக்குழம்பும். முட்டை வந்தால் அது ஆண்பிள்ளைகளுக்கு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் குறையும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதே சமயத்தில்தான் வீட்டுக்குக் குழாயும் மிக்ஸியும் வந்தன. இருந்த கொஞ்ச பாரமும் போயிற்று. உழைப்பு அத்தையைத் தேய்த்தது. அதைப் பலம் என்று புகழ்ந்துகொண்டிருந்தோம்.

"நம் பாட்டிகள்" என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எண்பதிலும் கம்பீரமாக நடந்த பாட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். முதுகு வளைந்து தரையைப் பார்த்தே நடந்த பாட்டியும் அதே தெருவில்தான் இருந்தார். திண்ணையோடு முடங்கிப் போனவரும் இருந்தார். அவர்களுடைய வேலையைப் பெருமையாகப் பேசுவது, அந்த வேலையை ஒரு நாளும் செய்யாதவர்களுக்கு எளிது. உங்கள் மாமியாரை நான் குறை சொல்லவில்லை, அவர் அதைச் செய்து பார்த்தவராகவே இருக்கலாம். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: தரையில் உட்கார்ந்தால் எதையும் பிடிக்காமல் எழுந்திருக்க வருகிறதா?

இப்போது உங்கள் வகுப்பு. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதயத் துடிப்பு இருக்கிறது, வியர்வை இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எத்தனை கிலோ டம்பெல் எடுத்தீர்கள், இன்று எத்தனை கிலோ எடுக்கிறீர்கள் என்பது இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அங்கே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. அதே மூன்று கிலோவோ ஐந்து கிலோவோதான் கூடையிலிருந்து கைக்கு வருகிறது. ஓய்வில்லை, பாரம் கூடுவதில்லை, களைப்பு மட்டும் நிச்சயம். அத்தையின் நாள் இப்படித்தான் ஓடியது, எஸ். உங்களுக்குப் பாட்டு ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வகுப்பு வீண் என்று சொல்லவில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது நல்லது. ஆனால் 45 நிமிடத்தையும் 'உச்ச தீவிரம்' என்று விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். டபாட்டா என்ற பெயரை உங்கள் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஜப்பானிய ஆய்வாளர் இசூமி டபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஜப்பானிய ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளர் கையாண்ட முறையை எடுத்து, இளம் விளையாட்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார். 20 விநாடி சைக்கிளில் முழு மூச்சாக மிதிக்க வேண்டும், 10 விநாடி ஓய்வு. ஏழெட்டுச் சுற்றில், அதாவது நான்கு நிமிடத்துக்குள், ஆள் ஓய்ந்துவிட வேண்டும். அந்தத் தீவிரத்தில் 45 நிமிடம் யாராலும் தாங்க முடியாது. நீங்கள் தாங்குகிறீர்கள் என்றால் அது நடுத்தர வேகப் பயிற்சி. நல்லதுதான், ஆனால் அதன் பெயர் வேறு.

பலம் எந்த வயதிலும் வரும் என்பதற்குப் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வைச் சொல்வேன். 1990-இல் வெளியானது. 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு, கால் தசைக்கு எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்தார்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத ஒருவர் எழுந்தார். இதைப் படித்த அன்று அந்தச் சன்னல் கம்பிதான் கண்ணில் நின்றது. அத்தைக்கு அப்போது எழுபதுகூட ஆகியிருக்கவில்லை.

2018-இல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்று வந்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள். நம் ஊரில் இவர்களிடம் "வெயிட் எதுவும் தூக்காதீங்கம்மா" என்றுதான் சொல்வோம். அங்கே டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது), தலைக்குமேல் தூக்குவது என்று கனமாகவே தூக்க வைத்தார்கள். வாரம் இரண்டு நாள், முப்பது முப்பது நிமிடம், எட்டு மாதம். முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த பெண்களுக்கு ஒரு சதவீதம் போலக் குறைந்தது. தூக்கியவர்களுக்கு வந்த பாதிப்பு, ஒரே ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு. பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டதால்தான் இது நடந்தது. நீங்கள் கொடுக்கப்போகும் 8,000 ரூபாய் அந்தக் கண்ணுக்குத்தான்.

நான் போகும் இடத்தில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். "ஸ்குவாட் 30 கிலோ, ஐந்தைந்து தடவையாக மூன்று சுற்று. கடைசியில் இடது முட்டி உள்ளே வந்தது" என்று எழுதியிருக்கும். அங்கே இருக்கும் ப்ளேட்டுகளில் சின்னது 1.25 கிலோ. முட்டி ஒழுங்கானால் அடுத்த வாரம் ராடின் இரண்டு பக்கமும் அதில் ஒவ்வொன்று ஏறும், இல்லையென்றால் அதே 30தான். ஒருநாள் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ராடுக்கு முன்னால் வந்து நின்றார். கோச் அவர் முகத்தைப் பார்த்து, "தூங்கலையா மேடம்?" என்றார். பேத்திக்குக் காய்ச்சலாம். கோச் ஒன்றும் பேசாமல் பத்து கிலோவைக் கழற்றினார். முப்பது பேருக்கு நடுவில், எவ்வளவு நல்ல பயிற்சியாளராக இருந்தாலும், இந்த ஒன்றை எப்படிச் செய்வார்?

யாரும் 'அம்மா' என்று கூப்பிடாத நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், யாருக்காகவும். வாரம் ஒரு நாள் அந்த வகுப்புக்குப் போங்கள், ஆசை தீர ஆடிவிட்டு வாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலே வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மிச்சத்தை வேகநடையில் ஈடுகட்டிவிடலாம். ஆனால் மாதப் பணத்தில் பெரும்பங்கு நான்கு பேர் இருக்கும் இடத்துக்குப் போகட்டும். 8,000 கஷ்டம் என்றால் வாரம் இரண்டு நாளுக்கு என்ன வாங்குவார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சேரும்முன் கோச்சிடம் நோட்டு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள். நான்கே பேர் இருந்தும் எழுதாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு பணம்? அப்புறம், சாப்பாடு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லும் புரதமே தினம் 50 கிராம். எடை தூக்குகிறவருக்கு அதற்குமேலும் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், நாளைக் காலையிலிருந்து உங்கள் தட்டை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அக்கா