பெரிய கூலர் போட்டும் சூடு இறங்கவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆடி எஸ்4 வைத்திருக்கிறேன், 3.0 லிட்டர் வி6, சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள பெட்ரோல் வண்டி. கோவையில் ஒரு கடையில் சூப்பர்சார்ஜர் கூலிங்குக்கான முன் ரேடியேட்டரைப் பெரிதாக, தடிமனாக மாற்றினேன். கூடவே பெரிய எலெக்ட்ரிக் பம்பும் போட்டார்கள். அங்கே ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்தது. ஊருக்கு வந்த பிறகு, உச்சிப்புளி, மண்டபம் வழியாக நெரிசலில் ஊர்ந்து பாம்பன் பாலத்தில் நின்றால் இன்டேக் டெம்பரேச்சர், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு, 78 டிகிரி காட்டுகிறது. வெளியே 35தான். திரும்பி வரும்போது ராமநாதபுரம் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டியும் 62க்குக் கீழே வரவில்லை. வண்டி நின்றால் ஏசி குளிர்ச்சி போய்விடுகிறது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஒருமுறை நடுவைத் தாண்டியது. கூலன்ட் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இன்னும் பெரிய பம்பு வாங்கவா? உள்ளூர் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார், செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு, அது இன்ஜின் தண்ணீருக்கானது. சூப்பர்சார்ஜர் காற்றைக் குளிர்விக்கும் சுற்றில் தெர்மோஸ்டாட்டே கிடையாது. அதைக் கழற்றினால் ஹைவேயில் இன்ஜின் தேவைக்குக் கீழே குளிர்ந்து பெட்ரோலைக் குடிக்கும். பாலத்தில் நிற்கும்போது ஒரு டிகிரிகூடக் குறையாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அது ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ரேடியேட்டர் வழியாகக் காற்று போகாததுதான் ஒரே பிரச்சினை என்றால், 80இல் ஓட ஆரம்பித்ததும் இன்டேக் சூடு ஐந்தாறு நிமிடத்தில் சரசரவென்று இறங்கியிருக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் 62 என்றால் அந்தச் சுற்றில் தண்ணீர் ஒழுங்காக ஓடவில்லை. இன்னொரு பக்கம், நின்றால் ஏசி போவதும் முள் ஏறுவதும் தண்ணீர் ஓட்டத்தால் வருவதில்லை. அது முன்பக்கக் காற்றின் தடை.

முதலில் எது சரியான அளவு என்று பார்ப்போம். இந்த இன்ஜினில் சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போதே அது சூடாகிவிடும். 35 டிகிரிக் காற்றை 0.8 பார் பூஸ்ட்டுக்கு (வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தத்துக்கு) அழுத்தினால் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். சூப்பர்சார்ஜருக்குள்ளேயே இருக்கும் இரண்டு சின்னக் கூலர்கள் அந்தச் சூட்டைத் தண்ணீருக்கு மாற்ற, அந்தத் தண்ணீரைப் பம்பு முன்பக்கம் கொண்டுபோய் ஆறவைக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால், சீராக ஓடும்போது இன்டேக் சூடு வெளிக்காற்றைவிட 10 முதல் 15 டிகிரிதான் அதிகம் இருக்கும். நெரிசலில் 25, 30 கூடுவது சகஜம். ஆக, பாலத்தில் 65 என்றால் நான் கவலைப்பட மாட்டேன், 78 அதிகம். ஓடும்போது 62 என்பது கண்டிப்பாகக் கோளாறு. இன்னொன்று, வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்ததும் வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். சூப்பர்சார்ஜர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் இன்ஜின் சூட்டை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் ஓடாததற்கு என் முதல் சந்தேகம் ஏர் லாக். இந்த வண்டியில் சூப்பர்சார்ஜர் சுற்றும் இன்ஜின் சுற்றும் ஒரே கூலன்ட் டேங்கைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய ரேடியேட்டர், நீளமான புது ஹோஸ்கள் என்று போட்ட பிறகு, டேங்கில் ஊற்றி மட்டம் வந்ததும் மூடிவிட்டால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது போய் உட்காரும் இடம், சுற்றிலேயே உயரமான சூப்பர்சார்ஜர் கூலர்கள். கோவையில் சின்ன ஓட்டத்தில் இது தெரியாமல் போயிருக்கலாம். ஊர் 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, காற்றும் அவ்வளவு சூடு இல்லை. கூலன்ட் மட்டம் இறங்கியதும் இந்தச் சந்தேகத்துக்குத்தான் வலு சேர்க்கிறது: காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்கலாம்.

இதை உறுதிசெய்யச் செலவே இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஓடவிட்டபடி, முன் ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் அது தப்பான எண் சொல்லும். கருப்பு ரப்பர் மேல், இல்லாவிட்டால் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். சும்மா நிற்கும் வண்டியில் இரண்டுக்கும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் கொதித்து, மறுபக்கம் வெளிக்காற்று அளவுக்கு ஆறிக் கிடந்தால் தண்ணீர் நகரவில்லை என்று பொருள். இரண்டும் ஒரே அளவு, ஆனால் இரண்டும் சூடு என்றால் தண்ணீர் நகர்கிறது, காற்றுதான் போகவில்லை.

தண்ணீர் நகரவில்லை என்றால் அடுத்துப் பம்பு. அது ஓடும் சத்தம் கேட்டால் போதும் என்று பல மெக்கானிக்குகள் விட்டுவிடுகிறார்கள், போதாது. டிசி கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். இந்த வகைப் பம்பு தண்ணீரைத் தள்ளும்போதுதான் கரண்ட் இழுக்கும். காற்றில் சுழன்றாலோ, எதிரே ஹோஸ் மடங்கி அடைத்திருந்தாலோ கரண்ட் குறையும். பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதிதான் வருகிறது, அதுவும் ஏறி இறங்கி ஆடுகிறது என்றால் காற்று. சீராகக் குறைவு என்றால் அடைப்பு. குறிப்பாகப் பம்புக்கு முன்னால் வரும் சிலிக்கான் ஹோஸை வண்டி சூடாக இருக்கும்போது தடவிப் பாருங்கள். சூட்டில் இளகி, பெரிய பம்பின் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் ஹோஸ்கள் உண்டு. பம்பு எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அது டேங்குக்குக் கீழே, எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். மேலே தூக்கி மாட்டினால் காற்றை உறிஞ்சித் தள்ள அதனால் முடியாது.

அப்புறம் கரண்ட். நம் கரையோரத்தில் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். பெரிய பம்புக்குப் புது வயர், ரிலே, எர்த் எல்லாம் பம்பர் பக்கத்தில், அதாவது உப்புக் காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் போட்டிருப்பார்கள். பெயிண்ட்டைச் சுரண்டி ஒரு போல்ட்டில் பாடி எர்த் கொடுத்திருந்தால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். பம்பு ஓடும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பம்பின் நெகட்டிவ் வயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் அதேபோல். இரண்டும் சேர்ந்து 2 வோல்ட் தின்றுவிட்டால், பம்பு சுற்றும், சத்தமும் வரும், ஆனால் நீளமான ஹோஸ்களையும் குறுகிய கூலர்களையும் தாண்டித் தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் இருக்காது. வேகம் கொஞ்சம் குறைந்தாலே அழுத்தம் அதைவிட அதிகமாக விழும். எர்த்தைத் தனி வயராகப் பேட்டரிக்கே கொண்டுபோய், லக்கை (வயர் முனையில் மாட்டும் செம்பு வளையம்) அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடச் சொல்லுங்கள். டேப் சுற்றினால் அதற்குள் உப்பு ஈரம் போய்த் தங்கும். பாம்பன் புது ரயில் பாலத்துக்கே கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டது. ஒரு செம்பு லக் எம்மாத்திரம்?

காற்றை எடுப்பதற்கு வருவோம். சரியான வழி வாக்குவம் முறையில் நிரப்புவது. இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு சுற்றிலிருக்கும் காற்றை உறிஞ்சி, அந்தக் கருவியின் முள் சில நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த வெற்றிடத்தாலேயே கூலன்ட்டை உள்ளே இழுக்க விடுவார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஜெர்மன் வண்டி பார்ப்பவர்களிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, சூப்பர்சார்ஜர் மேல் இருக்கும் காற்றுத் திருகுகளைத் தளர்த்தி மெதுவாக ஊற்றி, குமிழ் இல்லாமல் தண்ணீர் வந்ததும் இறுக்கி, ஸ்கேனரால் பம்பை மட்டும் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிவிடலாம். பொறுமை வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி ஆறியதும் மட்டம் பார்த்து மறுபடி ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.

எதை ஊற்றுவது? போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். கேன் தண்ணீரும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் ஆடி சொல்லும் ரகக் கூலன்ட்டும் மட்டும். இங்கே பனி உறையப்போவதில்லையே, கூலன்ட்டைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் சூட்டை நன்றாக எடுக்குமே என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் சூட்டை நன்றாக எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அந்தக் கூலன்ட்டில்தான் இருக்கிறது. 40 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். கடையில் பச்சை நிறத்தில் ஏதாவது டாப் அப் செய்திருந்தால் முழுசாக வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

இரண்டாவது கோளாறு, முன்பக்கம். புது ரேடியேட்டர் தடிமனானது; அதன் பின்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சர், அதற்கும் பின்னால் இன்ஜின் ரேடியேட்டர். ஓடும்போது காற்று தானே உள்ளே தள்ளப்படும். நிற்கும்போது ஃபேன்கள்தான் மூன்றின் வழியாகவும் இழுக்க வேண்டும். எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே காற்று ஓடிவிடும். மாற்றும்போது பக்கவாட்டு பிளாஸ்டிக் தடுப்புகளைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால், இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். பம்பரைக் கழற்றி அந்தத் தடுப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். மிச்ச இடைவெளியைத் தடித்த ஃபோம் பட்டையால் அடையுங்கள். இது சில நூறு ரூபாய் வேலை, பலன் அதிகம். ஏசியைப் போட்டு ஃபேன்கள் இரண்டும் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள்.

கடலோரக் காற்றின் ஈரம் ரேடியேட்டரின் குளிர்விக்கும் திறனைக் குறைக்காது, ஆனால் ஏசிக்கு வேலையைக் கூட்டும். ஏசி அந்த ஈரத்தைத் தண்ணீராக்கும்போது வரும் சூட்டையும் கண்டன்சர்தான் வெளியே தள்ளியாக வேண்டும். அதனால் அதே 35 டிகிரியிலும் கோவையைவிட இங்கே அதற்கு வேலை அதிகம், அந்தச் சூடு நேராகப் பின்னால் இருக்கும் இன்ஜின் ரேடியேட்டர் மேல் விழுகிறது. உங்கள் முள் ஏறியதன் கதை இதுதான். ஆடியின் முள் நிஜ வெப்பநிலையை அப்படியே காட்டாது. அகலமான ஒரு வரம்பு முழுவதும் 90இலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே அது நடுவைத் தாண்டினால் சூடு நிஜமாகவே அதிகம்; உடனே ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். பாலத்தில் காற்று பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது கிரில்லுக்குள் போகாது.

ரேடியேட்டர் இடுக்குகளில் தனுஷ்கோடி மணலும் சீமைக்கருவேல இலையும் அடைந்திருக்கும். பின்னாலிருந்து முன்னால், நல்ல தண்ணீரில், சாதாரண ஹோஸால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும். உப்பான போர் தண்ணீரில் கழுவுவதற்குச் சும்மா இருப்பதே மேல். ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் இரும்பாக இருந்தால், அலுமினியத்தோடு உரசாமல் இடையில் ரப்பர் புஷ் போடுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் போகும்.

செய்யும் வரிசை: முதலில் ஹோஸ் சூடு பார்ப்பது, பிறகு எர்த், பிறகு காற்று எடுப்பது, கடைசியில் பம்பரைக் கழற்றுவது. இவற்றை முடித்தபின் சீராக ஓடும்போது 50க்குள் வந்துவிட்டால் இப்போது இருக்கும் பம்பே தாராளம்.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். காற்று எடுத்து, மட்டம் சரிசெய்த பிறகும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், அடியில் சொட்டும் இல்லை என்றால், சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் கூலரே கசியலாம். அந்தத் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் போகும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தாலோ, இன்ஜின் ஒரு சிலிண்டர் விட்டு அடித்தாலோ, ஓட்டிப் பார்க்க வேண்டாம். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்.