பட்டுச்சேலையில் போனுக்கு சார்ஜ் ஏற்ற முடியுமா?

கேள்வி: பட்டில் மின்சாரம் சேமிக்கலாம் என்கிறார்களே, அம்மாவின் கூறைச்சேலையே பவர் பேங்க் ஆகுமா?

ஆகாது. ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பிலும் ஒரு பிள்ளை இதையே கேட்டாள்.

பட்டு ஒரு புரதம், மின்சாரத்தைக் கடத்தாது. பாட்டியின் கிழிந்த சேலையில் ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினேன். தலைமயிர் கருகுகிற வாசம். நுனியில் கறுப்பாய் ஓர் உருண்டை, நசுக்கினால் பொடி. அசல் பட்டா என்று பார்க்க வீட்டில் செய்கிற சோதனைதான். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் வேண்டியது அந்தக் கரியே. காற்றுப் பட்டால் எரிந்து போய்விடும் என்பதால், கரிமூட்டம் போடுகிற மாதிரி, ஒட்சிசன் இல்லாத வாயுவுக்குள் வைத்து 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். கூடவே நாகக் குளோரைட்டு போன்ற உப்புகளைச் சேர்த்தால் கரி முழுக்க நுண்துளை விழும்.

2015இல் சீன ஆய்வாளர்கள் இப்படிச் செய்த கரியில் ஒரு கிராமுக்குப் பரப்பு ஏறத்தாழ 2500 சதுர மீட்டர். தோட்டத்தில் வீடு கட்ட 7 பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் சுமார் 25 சதுர மீட்டர்) காணி கேட்டு எத்தனை வருடம் பேசுகிறோம்! இங்கே ஒரு கிராமுக்குள் கிட்டத்தட்ட 100 பேர்ச்சஸ். அந்தப் பரப்பில் அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள துணிக்கைகள், ஒட்டிக்கொள்வதுதான் சேமிப்பு. இப்படிச் சேமிக்கிற கருவிக்குப் பெயர் சூப்பர் கப்பாசிட்டர். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியிலும் கரி எடுக்கலாம்தான். ஆனால் பட்டுப் புரதத்தில் இருக்கிற நைதரசனில் ஒரு பங்கு கரியிலும் தங்கி, மின்னேற்றத்தைப் பிடித்து வைக்க உதவுகிறது. குச்சியில் அது சொற்பம்.

எரிக்காமல் செய்கிற வழியும் உண்டு: மின் கடத்தும் பொலிபிரோல் என்ற பல்பகுதியத்தை (பொலிமரை)ப் பட்டின் மேல் பூசுவது. துணி துணியாகவே இருக்கும், ஆனால் கறுத்துப்போகும். சார்ஜ் ஏறி இறங்க, பூச்சு உப்பிச் சுருங்கி வெடிப்பு விடும். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். 5000 மில்லியம்பியர் மணி பட்டரியில் சுமார் 19 வாட் மணி இருக்கிறது. கடையில் கிடைக்கிற சூப்பர் கப்பாசிட்டர் கிலோவுக்கு 5 வாட் மணி அளவே தாங்கும். அப்படியென்றால் உங்களுக்கு நாலு கிலோ வேண்டும். ஐந்தாறு கூறைச்சேலையின் கனம்! அதை உடுத்திக்கொண்டு மணவறையில் உட்காரவும் முடியாது.

சின்ன வேலைக்கு இது போதும். 20 கிராம் துண்டு ஒன்றில் 0.1 வாட் மணி அடங்கும். 50 மில்லிவாட் எல்.ஈ.டி. ஒன்று இரண்டு மணி நேரம் எரியும். விடியற்காலை பனிமூட்டத்தில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு)ப் போகிறவர்களின் ஜக்கெட்டில் தைத்தால் எதிரே வருகிற லொறிக்காரனுக்குத் தெரியும். அயன்கள் இருக்கிற திரவமான மின்பகுபொருளை ஜெல்லாக்கி, மழை புகாமல் மூடித் தைக்க வேண்டும். எங்கள் ஊர் மழைக்கு அந்தத் தையல்தான் கஷ்டமான பகுதி.