காய்ச்சல் விட்ட பிறகும் விடாத தலைவலி

கேள்வி: எனக்கு 41 வயது. ஆறு நாட்களுக்கு முன்பு குளிர்காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, தலைவலி எல்லாம் ஒரே நாளில் தொடங்கின. பரிசோதித்த மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லிப் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். முந்தாநாளோடு காய்ச்சல் விட்டுவிட்டது; ஆனால் நெற்றியிலும் கண்களுக்குப் பின்னாலும் வலி நிற்கவில்லை. இருமினால் மண்டைக்குள் தெறிக்கிறது. எனக்குத் தலைவலி வரும் வழக்கமே கிடையாது. மருந்துக் கடையில் வாங்கிய சளி மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். நேற்றிலிருந்து என் 9 வயது மகனும் காய்ச்சலோடு தலை வலிக்கிறது என்கிறான். ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா? ஆன்டிபயாடிக் தேவைப்படுமா?

பதில்: நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், இது வைரஸ் தொற்றோடு வந்து அதோடு அடங்கும் தலைவலி என்றே தோன்றுகிறது. ஸ்கேன் இப்போதைக்கு அவசியமில்லை. வைரஸை ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது என்பதால் அதுவும் வேண்டாம். ஆனால் உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதால், ஏன் அப்படி நினைக்கிறேன், எது நடந்தால் என் கருத்து மாறும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சளி மாத்திரைதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைகளிலும் ரத்தக் குழாய்களிலும் உள்ள நரம்பு முனைகளே வலியை உணர்கின்றன. வைரஸ் உடலுக்குள் நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் பொருட்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் புராஸ்டகிளான்டின் உற்பத்தியும் கூடுகிறது. காய்ச்சலை ஏற்றுகிற இதே பொருட்கள் அந்த நரம்பு முனைகளையும் கூருணர்வு கொள்ளச் செய்வதால், வழக்கமாக நாம் கவனிக்கவே கவனிக்காத நாடித் துடிப்பும் தலைத் திருப்பலும்கூட வலியாகத் தெரிகின்றன. இருமும்போது மண்டைக்குள் அழுத்தம் ஒரு கணம் உயர்கிறது. உங்களுக்குத் தெறிப்பது அதனால்தான். உடல் வெப்பம் இறங்கிய மறுநாளே இந்தக் கூருணர்வும் மறைந்துவிட வேண்டும் என்பதில்லை. அது தணியச் சில நாட்கள் பிடிக்கலாம்.

இந்த வகைத் தலைவலியை அடையாளம் காண, அதன் கடுமையைவிட அதன் போக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதும் வலியுறுத்துவேன். அது மற்ற அறிகுறிகளோடு சேர்ந்து வரும், பெரும்பாலும் தலையின் இரு பக்கமும் பரவியிருக்கும், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வாட்டி எடுக்கும், உடம்பு தேறத் தேறக் குறையும். சாதாரண ஜலதோஷத்தில் லேசாக இருக்கும். இன்ஃபுளுயன்சாவில் சில மணி நேரத்துக்குள் உடம்பு வலியோடு சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். கோவிட் தொற்றில் சிலருக்கு இருமலுக்கு முன்னரே தொடங்கி, மற்றவை நீங்கிய பிறகும் சில வாரங்கள் நீடிக்கும். நேற்றைவிட இன்று வலி கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா, வலியில்லாத நேரம் கூடுகிறதா என்பதே நீங்கள் கவனிக்க வேண்டியது.

இதோடு குழம்பக்கூடியவையும் உண்டு. குனியும்போது கன்னமும் நெற்றியும் கனத்து, மூக்கும் அடைத்திருந்தால் சைனஸ் அழற்சியாக இருக்கலாம். அதுவும் பெரும்பாலும் வைரஸால் வருவதே, பத்து நாட்களுக்குள் தானே சரியாகிவிடும். தேறி வரும் நிலையில் மீண்டும் காய்ச்சல் ஏறி முகவலி கூடினால்தான் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தொற்று அதைக் கிளப்பிவிடுவதும் சகஜம். இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை: நாள்தோறும் காப்பி, டீ குடித்துப் பழகியவர்கள் காய்ச்சலில் வாய் கசந்து அதை நிறுத்திவிட்டால், அந்த நிறுத்தமே ஒரு நாளுக்குள் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். உங்களுக்கும் அப்படி இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருகிறேன். மருந்துக் கடைகளில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. நீங்கள் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலை நான்கு வேளை எடுத்தால் 2600. அதோடு 500 மில்லிகிராம் கலந்த சளி மாத்திரையை மூன்று வேளை எடுத்தால் இன்னொரு 1500. மொத்தம் 4100 ஆகிவிடுகிறது. ஆரோக்கியமான, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கான உச்ச வரம்பு 4000 மில்லிகிராம்தான். எடை குறைந்தவர்களும், மது அருந்துவோரும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதற்கும் மிகக் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவு மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல், அதுவும் முதல் நாளில் எந்த அறிகுறியையும் காட்டாமலே பாதிக்கப்படக்கூடும். ஆகவே இன்றே அந்த அட்டையைத் திருப்பிச் சேர்மானங்களைப் படியுங்கள். பாராசிட்டமால் இருந்தால் ஒன்றை நிறுத்திவிடுங்கள். கடந்த நாட்களில் வரம்பைத் தாண்டியிருந்தால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று சொல்லுங்கள். மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் சில மருந்துகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டெங்கு பரவும் பகுதியில் நீங்கள் வசிப்பவரானால், அது இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள். இவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். டெங்குவிலும் கண்களுக்குப் பின்னால்தான் வலிக்கும். அதைவிட முக்கியமாக, அந்த நோயில் காய்ச்சல் இறங்கும் தருணமே ஆபத்தான கட்டத்தின் தொடக்கமாக இருக்கக்கூடும். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணம் தெரியாத தளர்ச்சி அல்லது பதற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இவை எதுவும் இல்லையென்றாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மற்றபடி செய்ய வேண்டியவை எளியவை. சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகும் அளவுக்கு நீர் அருந்துங்கள், வெளிச்சம் குறைந்த அறையில் படுங்கள், நெற்றியில் ஈரத்துணி இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

மகனைப் பொறுத்தவரை, அவனுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. வைரஸ் தொற்றின்போது சிறுவர்களுக்கு அதைக் கொடுத்தால், அரிதாக என்றாலும், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய்க்குறி வரக்கூடும். பாராசிட்டமாலை வயதைப் பார்த்துக் கொடுப்பதைவிட எடையைப் பார்த்துக் கொடுப்பதே சரி: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 25 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு ஒரு வேளைக்கு 250 முதல் 375 வரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். உங்கள் மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

அவனை உட்காரவைத்து, வாயை மூடியபடி தாடையால் மார்பைத் தொடச் சொல்லிப் பாருங்கள். உடம்பு வலியால் முனகிக்கொண்டே தொட்டுவிட்டால் ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். கழுத்து விறைத்து வளையவே மறுத்தால் மூளை உறை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். வைரஸால் வரும் மூளை உறை அழற்சி பெரும்பாலும் தானே ஆறிவிடும். பாக்டீரியாவால் வருவதோ சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டையும் வீட்டில் பிரித்தறிய வழியே இல்லை; முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கழுத்து வளைகிறது என்பதாலேயே ஆபத்தில்லை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசுதல், எழுப்பினாலும் மயங்கி மயங்கிப் படுத்தல், பேச்சில் குழப்பம், நடத்தையில் திடீர் மாற்றம், வலிப்பு, கண்ணாடி டம்ளரை அழுத்தி வைத்தாலும் மறையாத சிவந்த அல்லது ஊதா நிறத் தடிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், நள்ளிரவாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இந்தத் தடிப்பு எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த எச்சரிக்கைகள் அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும்.

ஸ்கேன் எப்போது தேவைப்படும் என்றால், வலி ஒரே நொடியில் இடி விழுந்ததுபோல் உச்சத்தைத் தொட்டால், கை கால் மரத்தாலோ பார்வை மங்கினாலோ, நாளுக்கு நாள் வலி ஏறிக்கொண்டே போனால், அல்லது சளியும் இருமலும் போன பிறகும் குனியும்போதும் முக்கும்போதும் தெறிப்பது தொடர்ந்தால். உங்கள் வீட்டில் 50 வயதைக் கடந்த யாருக்காவது புதிதாகத் தலைவலி வந்து, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால், காய்ச்சல் இருந்தாலும் அதை வைரஸ் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது பார்வையைப் பறிக்கக்கூடிய ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம்.

இன்னும் பத்து நாட்கள் கழித்தும் வலி அப்படியே இருந்தால் உங்கள் மருத்துவரை மறுபடியும் பாருங்கள். அதுவரை வலி வந்த நேரத்தையும், எடுத்த மாத்திரையையும், அதன் அளவையும் தினமும் குறித்து வையுங்கள். அவரிடம் போகும்போது அந்தக் குறிப்போடு, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.