மண்டை ஓட்டில் விரிசல் என்கிறார்கள், ஆனால் ஆள் நன்றாகப் பேசுகிறார். மூளைக்கு ஆபத்து உண்டா?

உண்டு. எக்ஸ்ரேயோடு நிறுத்தியிருந்தால் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் தெரியாது. மெல்லிய கோடு போன்ற விரிசல் பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். கவலை அதன் அடியில் இருப்பதைப் பற்றித்தான்.

விரிசல் காதுக்குச் சற்று மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே எலும்பு மெலிது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். சிலர் அடிபட்டதும் மயங்கி, பிறகு எழுந்து தெளிவாகப் பேசுவார்கள். ரத்தக்கட்டு பெருகப் பெருகத் தலைவலி கூடும், வாந்தி வரும், மறுபடி நினைவு தப்பும். பெரும்பாலும் ரத்தம் கட்டிய பக்கத்துக் கண்மணி விரியும், எதிர்ப்பக்கக் கைகால் தளரும். கட்டு 30 மில்லிக்கு மேல் போனால் ஆள் விழிப்போடு இருந்தாலும் அறுவை சிகிச்சைதான். நேரத்துக்குச் செய்தால் முழுதாகத் தேறிவிட நல்ல வாய்ப்பு உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பின்மண்டை அடிபட விழுந்தவருக்கு மூளையின் முன்பகுதி கன்றிப்போவது சகஜம். அந்த வீக்கம் அடுத்த ஓரிரு நாளில் கூடலாம். மறு ஸ்கேன் கேட்டால் தயங்காதீர்கள்.

மண்டையின் அடித்தளம் உடைந்திருந்தால் கண்ணைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் கருநீலம் படரும், அதுவும் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டுவது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தக் கூடாது, காதில் பஞ்சு திணிக்கக் கூடாது, மூக்கு வழியே டியூப் போடக் கூடாது. அந்தப் பாதையில் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல் வரும். காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் அதன் அறிகுறி.

எலும்பு தன் தடிமனுக்கு மேல் உள்ளே அமுங்கியிருந்தால் பொதுவாகத் தூக்கி நிமிர்த்துவார்கள். வலிப்பும் வரலாம்.

வார்டில் நினைவு நிலையைக் கிளாஸ்கோ அளவுகோலில் குறிப்பார்கள். முழு மதிப்பெண் 15. முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். ஒரு மதிப்பெண் குறைந்து அப்படியே நீடித்தாலும் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுக்காதீர்கள்.