செல்லமே நலமா? – டயப்பர் தாங்குமா, டாக்டர்?

வாசகர் கேள்விகளுக்கு வேலூர் கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 13 வயது. பெண். கருத்தடை ஆபரேஷன் செய்தாகிவிட்டது. கொஞ்ச நாளாகத் தூக்கத்திலேயே ஒண்ணுக்குப் போய்விடுகிறாள். எழுந்தால் படுத்த இடம் ஈரம். மருமகள் ஆன்லைனில் நாய் டயப்பர் வாங்கலாம் என்கிறாள். நிஜமாகவே பிரயோஜனம் உண்டா? நம்ம ஊர் வெயிலுக்கு ஒத்துக்கொள்ளுமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பிரயோஜனம் உண்டு. ஆனால் மருமகள் ஆர்டர் போடுவதற்குள் நீங்கள் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள் அம்மா. கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்கு ஹார்மோன் குறைந்து, மூத்திரப்பையின் வாய் தளர்ந்துபோகும். விழித்திருக்கும்போது அடக்கிக்கொள்ளும், தூங்கினால் கசியும். நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட அதேதான். இதற்கு மாத்திரை இருக்கிறது. நிறைய நாய்களுக்கு நன்றாகவே கேட்கிறது. அப்புறம் டயப்பரே வேண்டியிருக்காது.

தண்ணீர் முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறாளா என்றும் கவனியுங்கள். குடித்தால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பார்த்தாக வேண்டும். போகும்போது காலை முதல் மூத்திரத்தைப் பிடித்து எடுத்துப் போங்கள். எப்படிப் பிடிப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். அவள் உட்காரும்போது பின்னாலிருந்து ஒரு குழம்புக் கரண்டியை நீட்டினால் போதும். (அந்தக் கரண்டி திரும்ப சமையலறைக்குப் போகக் கூடாது. சொல்லாவிட்டால் மாமியார் மருமகள் சண்டைக்கு நான் பொறுப்பாகிவிடுவேன்.) வீடு நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்ட நாய்க்கு அது ஆபத்து.

இனி டயப்பர். சொட்டுச் சொட்டாகக் கசிகிற நாய்க்கு நன்றாகத் தாங்கும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் விடுகிற நாய்க்குத் தொடை இடுக்கு வழியாகவோ வால் ஓட்டை வழியாகவோ வழிந்துவிடும். மலத்துக்கு அறவே உதவாது. அப்பிக்கொண்டு கழுவுகிற வேலைதான் கூடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோ கணக்கை நம்பாமல், டெய்லர் டேப்பால் பின்னங்காலுக்குச் சற்று முன்னால் இடுப்பைச் சுற்றி அளந்து வாங்குங்கள். போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். பொமரேனியனுக்கு முடி பெரிய தொல்லை. ஒட்டுகிற பட்டை முடியைப் பிடித்துக்கொண்டு, கழற்றும்போது பிய்க்கும். இரண்டு தடவை வலித்தால் மூன்றாவது தடவை டயப்பரைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

குழந்தை டயப்பர் மலிவாகக் கிடைக்கும், தப்பில்லை. ஒட்டும் பட்டை முதுகுப் பக்கம் வருகிற மாதிரி போட வேண்டும். வாலுக்கு ஓட்டை வெட்டினால் ஓரத்தைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஜெல் உதிரும். கடித்துப் பிய்க்கிற நாய் என்றால் தனியாக விட்டுப் போகும்போது போடவே வேண்டாம். விழுங்கினால் வயிற்றில் ஊறிப் பெருத்துக் குடலை அடைத்துவிடும்.

வெயில் விஷயம்: நாய் மூச்சு இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும், அதனால் டயப்பரால் மட்டும் உஷ்ணம் ஏறிவிடாது. கெடுதல் தோலுக்குத்தான். காட்பாடியிலிருந்து ஒரு கோடையில் இப்படி ஒரு பொமரேனியனைக் கொண்டுவந்தார்கள். காலையில் போட்ட டயப்பர், சாயங்காலம் என் மேஜையில்தான் கழன்றது. அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. தொடை இடுக்கில் முடி பிசுபிசுவென்று சடை பிடித்திருந்தது. கத்தரித்துப் பார்த்தால் அடியில் தோல் சிவந்து, தொட்டாலே உதறியது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. டயப்பர் நனையாத மாதிரி தெரிந்ததால் விட்டுவிட்டார்கள். மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கும், ஜெல்லின் வேலையே அதுதான்.

அதனால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்த இடத்து முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, லேசாக வாசலின் தடவுங்கள். குழந்தைகளுக்குப் போடும் டயப்பர் கிரீம் வேண்டாம்; அதில் ஜிங்க் ஆக்ஸைடு இருக்கும், நக்கி உள்ளே போனால் நாய்க்கு விஷம். என்னைக் கேட்டால் ராத்திரிக்கும் விருந்தாளி வரும் நேரத்துக்கும் மட்டும் டயப்பர். பகலில் மொசைக் தரையில், கீழே ரப்பர் ஷீட், மேலே பழைய பருத்திப் புடவை.

கேள்வி: எங்கள் லேப்ரடார் ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்திருக்கிறாள். டயப்பர் போட்டு வெளியே கூட்டிப் போனால் தெரு நாய்கள் நெருங்காது என்கிறார்களே?
– வாசகர், குடியாத்தம்

பதில்: யார் சொன்னது? ரத்தச் சொட்டு தரையில் படாமல் இருக்க டயப்பர் அருமை. ஆண் நாய்க்கு அது தாழ்ப்பாள் இல்லை. வாசனையும் அடங்காது, இழுத்துத் தள்ளுவதும் கஷ்டமில்லை. இன்னொன்று: ரத்தம் பொதுவாக ஒரு வாரம், பத்து நாள் வரும். நிறம் வெளுத்ததும் ‘முடிந்தது’ என்று கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். அவள் ஆணை ஏற்றுக்கொள்வதே பெரும்பாலும் அப்போதுதான். மொத்தம் மூன்று வாரம் கயிறு கையிலேயே இருக்கட்டும்.

ஹீட் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் சீழ் மாதிரி கசிவு, அதிக தாகம், சாப்பாட்டில் வெறுப்பு தெரிந்தால் அது கர்ப்பப்பையில் சீழாக இருக்கலாம். மறுபடி டயப்பர் போட்டு மறைக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

கேள்வி: சிப்பிப்பாறை, ஆண், 3 வயது. ஃபிரிட்ஜ் மேல் காலைத் தூக்குகிறான். டயப்பர் போட்டால் கழன்று கழன்று விழுகிறது.
– வாசகர், ஆற்காடு

பதில்: விழாமல் என்ன செய்யும்? அந்த ஜாதிக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். பெண் நாய்க்கான டயப்பர் அவனுக்கு வேண்டாம். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை போதும். உள்ளே ஒரு சானிட்டரி நாப்கின் வைத்தால் செலவும் குறையும். ஃபிரிட்ஜ் தப்பிக்கும், பழக்கம் போகாது. கருத்தடை செய்தால் பல நாய்களுக்குக் குறைகிறது. திடீரென்று ஆரம்பித்த பழக்கம் என்றால் மட்டும் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா பாருங்கள். வெளியே போகும்போது பட்டையைக் கழற்ற மறக்காதீர்கள். பாவம், மரத்தைக் கண்டும் காலைத் தூக்க முடியாமல் நிற்பான். நழுவாமல் இருக்க, பட்டையில் இரண்டு நாடா தைத்து மார்புப் பட்டையோடு முடிந்துவிடுங்கள். பிளவுஸ் தைக்கிற டெய்லரிடம் கொடுத்தால் அப்போதே தைத்துத் தருவார். நாய்க்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.